முன்னால் கடல், முதுகில் உப்பங்கழி

கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானதும் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓர் ஊர்ப் பட்டியல் ஓடத் தொடங்கும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. காட்டுப்பள்ளி என்ற பெயர் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைவது அந்த ஒரு வரியில்தான். கூண்டு ஏற்றுவது கப்பல்களுக்காக. அந்தத் துறைமுகத்துக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காடு முகத்துவாரம் வரை வரிசையாகக் குப்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு குடும்பம் அந்த எண்ணைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும்? பெட்டியில் எதை எடுத்து வைப்பது, படகை எங்கே கட்டுவது, எப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது? செய்தியில் வரும் பொது அறிவுரைகள் மாடி வீட்டையும் தார்ச்சாலையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மணல்மேட்டில் வாழ்பவர்களுக்கு அவற்றில் பாதி பொருந்தாது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதையொட்டிக் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாய். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த மெல்லிய மணல் திட்டு இது. பூண்டி ஏரியின் மதகைத் திறந்தால் அந்த நீர் கொசஸ்தலை வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் விழுகிறது. இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் முதுகெலும்பு போல இணைக்கிறது. ஆகவே இந்தக் கரையில் ஒரு வீட்டுக்குப் புயல் இரண்டு பக்கத்திலிருந்தும் வரக்கூடும். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைப் பொறுத்தே தயாரிப்பின் பாதி விஷயம் மாறுகிறது. இதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

வங்கக் கடலில் புயல் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால், அதாவது மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ ஏறினால், நாம் அதன் வலக்கைப் பக்கம் இருக்கிறோம். வடக்கிலிருந்து வாடையாகத் தொடங்கும் காற்று மெல்லத் திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகி, கடலைத் தூக்கிக் கொண்டுவந்து கரையில் போடும். நமக்கு வடக்கே, நெல்லூர்ப் பக்கமோ பாபட்லா பக்கமோ கடந்தால், வாடையாகத் தொடங்கிய அதே காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசும். கடல் உள்வாங்கியது போல் அடங்கிக் கிடக்கும். ஆனால் பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அவ்வளவு ஆழமற்ற நீரை மேற்குக் காற்று கிழக்கே தள்ளும்போது அது குப்பங்களின் பின்வாசலில் வந்து ஏறும். மேலே மழை, பின்னே ஆற்று வெள்ளம். கரையில் நின்று வாடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும் ஒரு மீனவருக்கு, புயல் எங்கே கடக்கப்போகிறது என்பது தொலைபேசி இல்லாமலே தெரியும்.

துறைமுகக் கூண்டின் எண்களும் இதையே சொல்கின்றன. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு, 2 என்றால் தொலைவில் புயல். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. இவற்றில் 5, 8 இரண்டும் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருப்பதைக் குறிக்கும். 6, 9 இரண்டும் வலப்பக்கம். 7, 10 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். காட்டுப்பள்ளியில் 6 அல்லது 9 ஏறினால் கடல் வரும் பக்கத்தைப் பார்த்துத் தயாராக வேண்டும். 5 அல்லது 8 ஏறினால் கழிப் பக்கத்தை. நம் செய்திகள் எண் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. 8ஐயும் 9ஐயும் ஒரு படி வித்தியாசமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை இரண்டு திசைகள். 1865இல் கல்கத்தாவுக்காகத் தொடங்கப்பட்டு, 1886இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் விரிந்த ஏற்பாடு இது. மாலுமிக்குப் புரிந்த மொழி துறைமுகச் சுவருக்கு வெளியே இருக்கும் குடும்பத்துக்கும் புரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பலகை போதும்.

கடந்த சில ஆண்டுகளை இந்த வகையில் பிரித்துப் பார்க்கலாம். 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் எல்லாம் தெற்கே கடந்தவை. 2016 டிசம்பர் 12 வர்தா சென்னையை ஒட்டியே கடந்தது. 2023 டிசம்பர் 5 மிக்ஜாம் பாபட்லா அருகே கடந்தது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையேறிய புயல் வடக்கே கடந்ததுதான். ஆனால் ஏரியின் தலைமேலேயே ஏறியது. பாபட்லா இங்கிருந்து எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று 2023இல் யாரேனும் நினைத்திருந்தால் டிசம்பர் 3, 4 தேதிகளில் தவறு புரிந்திருக்கும். மிக்ஜாம் சென்னைக் கடற்கரைக்கு அருகே மெதுவாக ஊர்ந்தது. அதனால்தான் அவ்வளவு மழை. ஃபெஞ்சலும் கரையேறிய பிறகு நகராமல் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைச் சிதைத்த டிட்வா, வலுவிழந்த பிறகும் சென்னைக்கு எதிரே தங்கி மழையைக் கொட்டியது. ‘புயல்’ என்ற பட்டம் போய் ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ ஆகிவிட்டதென்ற செய்தியைக் கேட்டுக் கட்டிய மூட்டையை அவிழ்ப்பது பெரிய தவறு. வானிலைத் துறை தரும் பட்டம் காற்றின் வேகத்துக்கு மட்டுமே. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்பது அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டத்தில் அது இல்லை.

எப்போது தயாராவது? ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பது நம் பழமொழி. மழையைப் பொறுத்தவரை அதில் அனுபவம் இருக்கிறது. புயலைப் பொறுத்தவரை அதை நம்பக்கூடாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 இரவு. மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 2011இல் தானே புயல் கடலூரை அடித்தது டிசம்பர் 30 அன்று, மார்கழி பாதி. வர்தா வந்த நாள் திருக்கார்த்திகை தீபத் திருநாள். முழுநிலவை ஒட்டிய நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்றம் பெரிதாக இருக்கும். புயல் தள்ளும் நீரும் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்காட்டியில் புயல் செய்தியோடு திதியையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பாய்மரக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அக்டோபர் நடுவில் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிடும். விலகாமல் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே ஒரு புயல் நொறுக்கியது. கப்பலுக்கு விலகிப்போக வேறு துறைமுகம் உண்டு. குப்பத்துக்குத் தொழிலே இந்த மாதங்களில்தான் சுருங்குகிறது. ஐப்பசியில் தீபாவளிச் செலவு, கார்த்திகையில் ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பு. அறிவிப்பு வரும் ஒவ்வொரு நாளும் அடுப்பில் கைவைக்கும் நாள். இதனால்தான் அரசு மீன்பிடி குறைந்த காலத்துக்கென்று ஒரு நிவாரணத் தொகை வைத்திருக்கிறது. புயலுக்கான சாமான்களை எச்சரிக்கை வந்த பிறகு வாங்கலாம் என்று வைத்தால் அப்போது கையில் காசு இருக்காது; கடையில் மெழுகுவர்த்தியும் இருக்காது. புரட்டாசிக்குள் வாங்கிவிட வேண்டும். கயிறு, தார்ப்பாய், டார்ச், பேட்டரி, பேட்டரியில் ஓடும் வானொலி, குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் எல்லா வீட்டிலும் வந்துவிட்ட காலம் இது.

குடிநீரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 5 பேர் உள்ள வீட்டுக்கு 5 நாளைக்கு 125 லிட்டர். 20 லிட்டர் கேன் என்றால் 7. பிளாஸ்டிக் குடம் என்றால் எட்டு, ஒன்பது. கையடி பம்பை நம்பக்கூடாது. மணல் திட்டின் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. ஒருமுறை கடல் ஏறினால் பல மாதம் கரிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010 முதல் காட்டுப்பள்ளியில் இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அந்த நீர் சென்னைக்குப் போவது. மின்சாரம் போய், சாலையும் அறுந்தால், ஆலை பக்கத்தில் இருந்தும் பயனில்லை. குடத்தில் இருப்பதுதான் கணக்கு.

வீட்டைப் பொறுத்தவரை, எந்த வீடு எதைத் தாங்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது முதல் வேலை. சுனாமிக்குப் பிறகு கரை நெடுகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. அவற்றோடு ஓலைக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் தகரமும் இன்னும் இருக்கின்றன. தகரக் கூரையின் மேல் கல்லோ மணல் மூட்டையோ வைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தகடு பெயர்ந்தால் அந்தக் கல்லும் கூடவே பறக்கும். கூரையைத் தாங்கும் மரத்தையே தரையில் புதைத்த முளையோடு கயிற்றால் இழுத்துக் கட்டுவதுதான் பிடிமானம். தகட்டை மரத்தோடு பிணைக்கும் கொக்கி போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போயிருக்கும். ஆண்டுக்கொருமுறை தட்டிப் பார்த்து மாற்றினால் செலவு சில நூறு ரூபாய். புயலின் கண் நேராக மேலே வந்தால் நடுவில் காற்று நின்று வானம் வெளுக்கும். முடிந்துவிட்டதென்று வெளியே போகக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். கயிறு இரண்டு பக்கமும் இருக்க வேண்டியது அதனால்தான்.

உள்ளே செய்ய வேண்டியவை சிறிய வேலைகள். காஸ் சிலிண்டரைக் குழாயிலிருந்து கழற்றி நிமிர்த்திக் கட்ட வேண்டும். காலிச் சிலிண்டர் தண்ணீரில் மிதந்து மோதும். அரிசியும் பருப்பும் மூடிபோட்ட டிரம்மில் பரண்மேல். போகும்போது மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒருவர் இடுப்பில். யார் இடுப்பில் என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். தாளின் மதிப்பு புயலுக்குப் பிறகுதான் தெரியும். 2023இல் மிக்ஜாமுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது. குடிசைக்கான நிவாரணம் அப்போது 8,000 ரூபாயாகவும், முழுதாகச் சேதமான கட்டுமரத்துக்கான தொகை 32,000இலிருந்து 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. அட்டை இல்லாத குடும்பத்துக்கு இந்த வரிசையில் நிற்க இடமில்லை. கழிகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அவர்களுக்குச் சொந்தமாகப் படகு இல்லை. படகுக் கணக்கில் வரும் நிவாரணம் எதிலும் அவர்கள் பெயர் ஏறாது. அவர்களின் வீடு கழியின் ஓரத்திலேயே இருப்பதால் பின்பக்கத்து வெள்ளம் முதலில் தொடுவதும் அவர்களையே. மழைக்காலத்துக்கு முன் சாதிச் சான்றும் குடும்ப அட்டையும் வாங்கித் தருவதை நான் புயல் தயாரிப்பிலேயே சேர்ப்பேன்.

இனி படகும் வலையும். நகரத்தில் புயல் தயாரிப்பு என்றால் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பது. குப்பத்தில் வீட்டின் சொத்து வீட்டுக்கு வெளியே, அலைக்கு எதிரே நிற்கிறது. ஃபைபர் படகு, என்ஜின், வலை. வலை பெரும்பாலும் கடனில் வாங்கியது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கும் மீனை அவருக்கே கொடுத்துக் கழிப்பது. வலைக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் அபூர்வம். ‘மையத்துக்குப் போங்கள்’ என்று அதிகாரி வந்து சொல்லும்போது ஒரு மனிதர் கரையை விட்டு நகர மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் காவல் நிற்பது அடுத்த மூன்று வருட வாழ்க்கைக்கு. கணவர் வராமல் மனைவி கிளம்ப மாட்டார், மனைவி கிளம்பாமல் மாமியார் அசைய மாட்டார். ஒரு என்ஜின் கரையில் இருக்கும்வரை ஐந்து பேர் அங்கேயே இருப்பார்கள்.

ஆகவே வீட்டிலிருந்து மனிதர்களை வெளியேற்றுவதற்கு முன் கரையிலிருந்து பொருளை வெளியேற்ற வேண்டும். அதற்கு நேரம் இருக்கிறது. வானிலைத் துறை ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன் முதல் கவனிப்புச் செய்தி தருகிறது, 48 மணி நேரத்துக்கு முன் அடுத்தது, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன், கரையேறிய பிறகு எப்படி இருக்கும் என்பது வரை. முதல் செய்தியிலேயே என்ஜினைக் கழற்றி, வலையை உலர்த்திச் சுருட்டி, மேட்டிலுள்ள கான்கிரீட் கட்டடத்தில் சேர்த்துவிட்டால் இரண்டாம் நாள் மனம் இலகுவாகும். ஊருக்குப் பொதுவாக ஒரு வலைக்கூடமும் என்ஜின் அறையும், தரையைவிட ஆளுயரம் தூக்கிக் கட்டியது இருந்தால், எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையை அது செய்யும். புயல் பாதுகாப்பு மையங்களை வடிவமைக்கிறவர்கள் மனிதர்களுக்குப் பாய் விரிக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். வலைக்கும் ஒரு மூலை ஒதுக்கினால் பாயில் ஆள் சேரும்.

படகை எங்கே சேர்ப்பது என்பதில் முன்பு சொன்ன திசைக் கணக்கு மீண்டும் வருகிறது. கொண்டல் அடிக்கப்போகிறதென்றால் கடற்கரை மணலில் விட்ட படகு தப்பாது. கழிப் பக்கம் கொண்டுவர வேண்டும். மேற்குக் காற்றும் ஆற்று வெள்ளமும் வரப்போகிறதென்றால் கழியில் கட்டிய படகுதான் அறுத்துக்கொண்டு போகும். மேட்டு மணலில் ஏற்றி வைப்பது நல்லது. கழியில் கட்டுகிறவர்கள் நெருக்கமாகக் கட்டக்கூடாது. ஒன்றோடொன்று மோதியே பாதிப் படகு உடைகிறது. நீர் ஏறும்போது படகும் ஏற இடம் கொடுத்துக் கயிற்றைத் தளர்வாக விட வேண்டும். இறுகக் கட்டிய படகு மூக்கு அமிழ்ந்து மூழ்கும். கரையில் கிடக்கும் சிறிய படகில் தண்ணீரை நிரப்பிவிட்டால் அந்தக் கனம் காற்றில் புரளாமல் பிடித்துவைக்கும். கிளம்பும் முன் படகு, என்ஜின் எண், வலை, வீட்டுக் கூரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து உறவுக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு கணக்கெடுக்க வருகிறவரிடம் ‘இப்படி இருந்தது’ என்று காட்ட வேறு சாட்சி கிடைக்காது.

கடலுக்குள்ளேயே இருப்பவர்களின் கதை வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குமரிக் கரையின் வீடுகள் மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தன. பழவேற்காட்டுக் கரையின் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் அன்று போய் அன்றே திரும்புபவை என்பதால் அந்த ஆபத்து இங்கே குறைவு.

கிளம்புவது என்று முடிவானபின் சாலை. காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலை கடலுக்கும் கழிக்கும் நடுவே ஓடுகிறது. கருங்காலி அருகே கடல் பொங்கும்போதெல்லாம் அதில் மணலும் நீரும் ஏறும். புயலில் முதலில் அறுவது அதுதான். ஆகவே இங்கே ‘கடைசி நேரம்’ என்பது புயல் கரையேறும் நேரத்தைவிட வெகு முன்னால் வந்துவிடுகிறது. வெளிச்சம் இருக்கும்போது, சாலை காய்ந்திருக்கும்போது, குறைந்தது ஒரு நாள் முன்னால் போக வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டியதில்லை. 48 மணிச் செய்தியோடு பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். 24 மணிச் செய்தியோடு மற்றவர்கள். இந்த ஏற்பாட்டை அமைதியான நாளில், சாப்பாட்டு நேரத்தில் பேசி முடிவு செய்திருந்தால் புயலன்று வாக்குவாதம் இருக்காது. 1070 என்ற மாநில எண்ணும் 1077 என்ற மாவட்ட எண்ணும் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

முன்கூட்டிப் போவதால் உயிர் தப்புகிறது என்பதற்கு நம் கடலே சாட்சி. 1999 அக்டோபரில் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதே கரையில் 2013இல் ஃபைலின் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்பே வெளியேற்றப்பட்டார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. இன்றைய வங்கதேசத்தில் 1970இல் போலா புயல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி ஏற்றுவார்கள். ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போவார்கள். 1991 புயலில் பெண்கள் ஆண்களைவிட மிக அதிகமாக இறந்ததைக் கண்டு, பெண் தன்னார்வலர்களையும், மையங்களில் பெண்களுக்குத் தனி அறைகளையும் கூட்டினார்கள். கழிப்பறை ஒன்றுதான், அதுவும் விளக்கில்லாத மூலையில் என்றால் எந்தத் தாயும் வயதுவந்த மகளை அங்கே கூட்டிவர மாட்டாள். மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஐப்பசி பிறக்கும் முன் ஊர்ப் பெண்களே நேரில் போய்ப் பார்த்து வருவது எந்த ஆய்வுக் குழுவைவிடவும் பயனுள்ளது.

திரும்பி வரும்போது முதலில் மின்கம்பி, அடுத்து பாம்பு, அடுத்து தண்ணீர். அறுந்து கிடக்கும் கம்பியைத் தாண்டக்கூடாது. நனைந்த வீட்டில் மெயின் சுவிட்சைத் தாமாகப் போடக்கூடாது. கொதிக்கவைத்த நீரையே குடிக்க வேண்டும். வெள்ளத்தில் வெறுங்காலோடு அலைந்த பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது. வெள்ளத்தோடு மணலிப் பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் வரை படிந்தது. படகின் அடி, வலை, வீட்டுச் சுவர், கைகால் எல்லாம் கறுப்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தொழிற்சாலைகள் சூழ்ந்த கழியின் ஓரத்தில் வாழும் வீட்டுக்கு வெள்ளம் என்பது வெறும் நீராக வருவதில்லை. அந்த நீரில் இறங்கி வேலை செய்ய ரப்பர் காலணியும் கையுறையும் இனிச் சாமான் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் ஒரு குடும்பம் செய்யக்கூடியது. செய்ய முடியாதவை உண்டு. வீட்டுக்கு முதல் மதில் வாசலுக்கு முன் இருக்கும் மணல்மேடு. அதில் படரும் அடும்பங்கொடியும் அதன்மேல் நிற்கும் பனையும். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டித் துறைமுகச் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். எண்ணூரில் 2001இலும் காட்டுப்பள்ளியில் அதற்குப் பத்தாண்டு கழித்தும் துறைமுகங்கள் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பமே கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் மாற்றப்பட்டது. வடக்கே உள்ள குப்பங்களின் முன் கடற்கரை குறுகிவருவதைக் கரையில் நடந்தாலே காணலாம். துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அதற்கான பொதுக் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. இதைத் தொழில் சார்ந்த தகராறாக மட்டும் பார்க்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மணல்மேடு போனபின் ஒரு வீடு எவ்வளவு கயிறு வாங்கினாலும் போதாது. கூரையைக் கட்டச் சொல்லும் அரசு, கரையைக் கட்டிக்காக்கும் பொறுப்பையும் அதே அக்கறையோடு ஏற்க வேண்டும்.

பின்பக்கத்துக்கும் ஒரு மதில் உண்டு. அது திறந்திருக்க வேண்டிய மதில். முகத்துவாரம். கோடையில் மணல் அடைத்துவிட்ட வாயோடு மழைக்காலம் தொடங்கினால் ஆரணியாற்று நீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. ஏரி தளும்பிக் குப்பங்களின் பின்வாசலில் நிற்கும். வாய் திறந்திருந்தால் வெள்ளமும் வடியும், கடலிலிருந்து இறால் குஞ்சும் உள்ளே வரும். புயல் தானே வந்து வாயை உடைத்துத் திறந்துவிட்ட வருடங்களில் ஏரியில் நல்ல மீன்பாடு இருக்கும் என்பதும் இந்த மக்களின் கணக்கில் உண்டு. அவர்கள் புயலை முழுக்க வெறுப்பதில்லை. அடைபட்ட ஆண்டுகளில் ஊர் ஊராகப் பணம் பிரித்து, மண்வெட்டியும் கூடையுமாகப் போய்த் தாங்களே வெட்டித் திறந்திருக்கிறார்கள். நிரந்தரமாகத் திறந்துவைக்க இருபுறமும் கற்சுவர் எழுப்பும் அரசுத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. அந்தச் சுவர் வடக்கே உள்ள கரையை என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு புரட்டாசியிலும், கயிறும் தார்ப்பாயும் வாங்கப் பொன்னேரிக்குப் போகும் வழியில் பழவேற்காட்டுப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று, வாய்ப்பக்கம் நீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.